தீர்ந்த புகார் எண் பத்தாயிரம்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கணினி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால் மணிக்கு மூன்று முறை கீச்சென்று கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. திரை கன்னங்கரேலென்று கிடந்தது. மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். மறுபடி மூன்று கத்தல், மறுபடி கறுப்பு. இன்னொரு தடவை அழுத்தினார். அதே மூன்று, அதே கறுப்பு. பிடிவாதத்தில் அது அவருடைய மாமனாரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது.

கணினி கெட்டால் பதறுகிற ஆள் இல்லை அவர். இருபத்தாறு வருஷமாக நடுவழியில் நின்றுபோகும் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டி வருகிறவர். நின்றுபோனது எதுவானாலும் அதில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அழுக்கேறியிருக்கும், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம், மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு சீல் ஒட்டியிருந்தது. 'இதைப் பிரித்தால் உத்தரவாதம் ரத்து. இப்படிக்கு, இல்லக் கணினிப் பேணகம்' என்று எழுதியிருந்தது.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். லிஃப்ட் தொழிலில் சீல் என்றால் விளையாட்டு இல்லை. பிரேக் பெட்டியில் ஒருவன் சீல் வைத்திருக்கிறான் என்றால், உள்ளே இருப்பதை அவன் அணு அணுவாகப் பார்த்துவிட்டு, தன் தலையைப் பணயம் வைத்து மூடியிருக்கிறான் என்று அர்த்தம். அதை இன்னொருவன் பிரிக்க மாட்டான். அது ஒரு மரியாதை.

ஆனால் நாலு மணிக்கு மகள் வருவாள்.

மகள் இருப்பது கடலுக்கு நடுவே ஒரு தீவில். அங்கே ஒரு வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டிருக்கிறாள். தீவுக்குத் தொலைபேசி கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு நாலு மணியிலிருந்து நாலரை மணிவரை, அங்கே இருப்பவர்கள் வீட்டோடு முகம் பார்த்துப் பேசலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கணினி என்று பதிந்து வைத்திருந்தார்கள். வேறு கணினிக்கு மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். போன ஞாயிறு பேச்சு முடிகிற நேரத்தில் அவள், "அம்மா, ஒரு விஷயம் இருக்கு. இன்னும் உறுதியாகல. அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறைந்திருந்தாள். அந்த அடுத்த வாரம்தான் இது.

மெக்கானிக்கின் மனைவிக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. அதற்காக அவர் மூலையில் உட்காரவில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். தெருவின் எதிர்ச் சாரியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால், அவர்கள் வீட்டுச் சண்டை முழுவதும் இவருக்கு வந்துவிடும். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அவர் ரகசியம் என்று சொல்வதைத் தெருமுனைக் கடைக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

நாலு மணி ஆயிற்று. நாலரையும் ஆயிற்று. மனைவி கறுப்புத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் அவருக்குத் தன் முகம்தான் தெரிந்தது.

"ஏங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. உறுதியாகலன்னு எதைச் சொன்னா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"அடுத்த ஞாயிறுக்குள்ள சரி பண்ணிடலாம். உத்தரவாதம் இருக்கு" என்றார் மெக்கானிக். அப்போது அவருக்குப் பேணகத்தைப் பற்றித் தெரியாது.

திங்கட்கிழமை காலை பேணகத்துக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் இசை கேட்டது. பிறகு ஒரு பெண் தேனொழுகப் பேசினாள். இவர் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று கத்தலையும் தானே கத்திக் காட்டினார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க சார். ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்மா. பதினாலு தடவை."

"நான் சொல்லிப் பண்ணலையே சார். இப்ப நான் சொல்றேன், பண்ணுங்க."

பண்ணினார். கத்தியது.

"இப்ப ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல."

"சரி சார். அதுல கீழ இடது மூலையில ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க."

"எதுல?"

"அந்த ஒண்ணுமே தெரியாததுல சார்."

மெக்கானிக் நல்ல மனிதர். கறுப்புத் திரையின் கீழ் இடது மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் மகிழ்ந்துபோனாள். புகார் பதிவாகிவிட்டதாகவும், அதை உறுதிப்படுத்தும்படி அவருடைய கணினிக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதைத் திறந்து 'என் பிரச்சினை தீரவில்லை' என்ற கட்டத்தில் அழுத்த வேண்டும் என்றும் சொன்னாள்.

"அழுத்தலைன்னா?"

"தீர்ந்திருச்சுன்னு அர்த்தம் சார்" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற பாசத்தோடு.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய சின்ன போனுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் பிரச்சினை தீர்ந்தது. எங்களோடு மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.' மெக்கானிக் ஒரு நப்பாசையில் கணினியின் பொத்தானை அழுத்திப் பார்த்தார். கணினிக்கு அந்தச் செய்தி வந்திருக்கவில்லை.

இடையில் அவர் கணினியோடு வந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். லிஃப்ட் கையேடுகளைப் படித்துத் தேறியவருக்கு அது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் விஷயம் இருந்தது. 'மூன்று முறை ஒலித்தால் நினைவகப் பலகை சரியாக உட்காரவில்லை என்று பொருள். அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டவும்.' மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதியவன் யாரோ தொழில் தெரிந்தவன். நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். 'மேற்கண்டதைப் பெட்டியைத் திறக்காமல் செய்யவும்' என்றிருந்தது.

புதன்கிழமை பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மனைவியையும் அழைத்துக்கொண்டு பேணகத்துக்கே போய்விட்டார். கட்டடம் ஏழு மாடி. மூன்று லிஃப்டுகளில் ஒன்று ஓடியது. கதவு ஓரத்தில் லேசாக உரசும் சத்தத்தை மெக்கானிக் கவனித்தார். ஆனால் அதற்காக வரவில்லை என்று தன்னை அடக்கிக்கொண்டார்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் இருந்தது. அதில் புகார் எண்ணை அழுத்தினார். டோக்கன் வரவில்லை.

"தீர்ந்துபோன புகாருக்கு டோக்கன் வராது சார்" என்றார் காவலாளி. அந்தக் கட்டடத்திலேயே மனுஷத் தன்மையோடு பேசிய முதல் ஆள் அவர்தான். "புதுசா ஒரு புகார் போடுங்க. ஆனா அதே கோளாறைப் போடாதீங்க. ஏற்கெனவே தீர்ந்ததுன்னு தள்ளிடும். வேற ஏதாவது போடுங்க."

"வேற ஒண்ணும் கெடலையே."

"மவுஸ் மந்தமா இருக்குன்னு போடுங்க சார். எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

மவுஸ் மந்தம் என்று போட்டதும் டோக்கன் வந்தது. நாலாவது மாடிக்குப் போனார்கள். அங்கே ஒரு நீளமான ஹால். நடுவில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வன்பொருள் பிரிவு, அந்தப் பக்கம் மென்பொருள் பிரிவு. வன்பொருள் பிரிவில் இருந்தவர் போர்வையைத் தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"திரையில ஒண்ணும் வரலைன்னா மென்பொருள் சார். திரையில வர்ற எல்லாமே மென்பொருள்தான். வராததும் அவங்களோடதுதான்."

கோட்டைத் தாண்டிப் போனார்கள். மென்பொருள் பிரிவில் இருந்த அம்மாள் மூன்று கத்தலைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

"சத்தம் வருதுன்னா அது வன்பொருள். மென்பொருள் சத்தம் போடாது சார். அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு."

நாலு தடவை கோட்டைத் தாண்டினார்கள். ஐந்தாவது தடவை மனைவி போர்வை மூட்டையைக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரும் வந்து பாருங்க!" என்றார். கோட்டின் மேல் இருக்கும் கணினி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்ய 'எல்லைக் குழு' ஒன்று இருப்பதாகவும், அது அடுத்த மாதம் கூடும் என்றும் இரண்டு பிரிவினரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் இரு பிரிவுகளும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு காவலாளி சொன்னார்.

"எங்க தொழில்ல லிஃப்ட் நின்னா, கயிறு பாக்கிறவன் கதவு பாக்கிறவனைக் கைகாட்ட மாட்டான் சார்" என்று மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். "உள்ளே ஆள் மாட்டிக்கிட்டு இருப்பாங்க."

"இதுக்குள்ள யாரும் மாட்டிக்கலையே சார்" என்றார் வன்பொருள்காரர்.

மெக்கானிக் மகளை நினைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மேலாளரே வெளியே வந்தார். சிரித்த முகம். டையில் பேணகத்தின் சின்னம். இவர்களைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். சுவர் முழுக்க மேலே ஏறிக்கொண்டே போகும் கோடுகள் வரைந்த அட்டைகள். மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். மேலாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார்" என்றார். "நாங்க கம்ப்யூட்டரைச் சரி பண்றவங்க இல்ல. அது யார் வேணும்னாலும் பண்ணலாம். நாங்க புகாரைச் சரி பண்றவங்க. போன வருஷம் வந்த புகார்ல தொண்ணூத்தொன்பது புள்ளி நாலு சதவீதம் இருபத்துநாலு மணி நேரத்துல தீர்ந்திருக்கு. உலகத்துல எந்த நிறுவனமும் இதைச் செஞ்சதில்ல."

"மீதி புள்ளி ஆறு?"

மேலாளரின் முகத்தில் நிழல் விழுந்தது. "அவங்க கம்ப்யூட்டர் வேலை செஞ்சுது சார். அதனால மெயிலைத் திறந்து 'தீரவில்லை'ன்னு அழுத்திட்டாங்க. அவங்களை என்ன பண்றதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கோம்."

பிறகு மெக்கானிக்கின் புகார் எண்ணைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தவர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இந்த வருஷம் தீர்ந்த புகார்களில் மெக்கானிக்கினுடையது சரியாகப் பத்தாயிரமாவது. மேலாளர் மெக்கானிக்கின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். சனிக்கிழமை பேணகத்தின் ஆண்டு விழா. அதில் பத்தாயிரமாவது நிறைவுபெற்ற வாடிக்கையாளருக்குத் தலைமை இயக்குநர் கையால் கேடயம் தருவார்கள். வாடிக்கையாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"ஆனா கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்யலையே."

"அது தனி விஷயம் சார்" என்றார் மேலாளர் பெருந்தன்மையாக. "நீங்க விழாவுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை எங்க களப் பொறியாளரை நேரா வீட்டுக்கே அனுப்பறேன். அவர் வந்தா கதை முடிஞ்சுது."

எதிலிருந்தோ விடுதலை கிடைத்ததுபோல் மெக்கானிக் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் எங்கே வேண்டுமானாலும் பேசுவார். போர்வையில் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

சனிக்கிழமை விழா மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். மனைவிக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மெக்கானிக்கை மேடையில் தலைமை இயக்குநருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் வெள்ளைத் தலையும் கனத்த குரலும் உள்ளவர். எழுந்து மைக் முன்னால் நின்றார்.

"நண்பர்களே! ஒரு காலம் இருந்தது. கணினி கெட்டுப்போனால் மக்கள் அதைத் திறந்தார்கள். கேட்கவே கூசுகிறது அல்லவா? கண்டவரெல்லாம் கண்ட கருவியோடு உள்ளே கை விட்டார்கள். தூசியைத் துடைத்தார்கள். சில நேரம் கணினி ஓடவும் செய்தது! அந்த ஒழுங்கற்ற ஓட்டத்தால் யாருக்கு என்ன லாபம்? எந்தப் பதிவேட்டில் அது ஏறியது? அந்த இருண்ட காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது நமது பேணகம். இன்று ஒரு கணினி ஓடாமல் இருக்கிறது என்றால், அது முறைப்படி ஓடாமல் இருக்கிறது!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. கேடயத்தை வாங்கிக்கொண்டு மெக்கானிக் பேச எழுந்தார். மேடை அவருக்குப் புதிது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் வேலை செய்யல. மத்தபடி எனக்கு நிறைவுதான்."

'நிறைவு' என்ற வார்த்தை வந்ததும் கைதட்டச் சொல்லிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மண்டபம் அதிர்ந்தது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு அவர் தொடர்ந்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு நாலு மணிக்கு எம் பொண்ணு பேசுவா. என் சம்சாரத்துக்குக் காது கேக்காது. பொண்ணு முகத்தைப் பாத்தாத்தான் அவளுக்குப் பேச்சு. உங்கள்ல யாராவது ஒருத்தர் அந்தச் சீலைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற பலகையைக் கழட்டி மாட்டிக் கொடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. இல்லைன்னா நான் பிரிச்சுக்க அனுமதி கொடுங்க. அது போதும்."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் மேசையில் இருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பின்னால் நின்ற மேலாளர் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார். மேலாளர் குனிந்து ஏதோ சொன்னார். இயக்குநர் மறுபடி கேட்டார். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். மேடையிலேயே இருந்த மெக்கானிக்குக்கூட அது கேட்கவில்லை.

முதல் வரிசையில் மனைவி பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து, தன்னுடைய வழக்கமான ரகசியக் குரலில் சொன்னார்.

"உள்ளே என்னதான்யா இருக்கும்னு பெரியவர் கேக்கறாரு. தெரியாது சார், நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் ஒருத்தரும் பிரிச்சுப் பாத்ததில்லைங்கறாரு அந்த டை கட்டினவரு!"

ஆயிரம் பேருக்கும் கேட்டது. மைக் வைத்துப் பேசிய இயக்குநரின் குரலைவிடத் தெளிவாகவே கேட்டது. மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆனால் ஒருவர் சும்மா தலைமை இயக்குநர் ஆகிவிடுவதில்லை. அவர் கண் கலங்க எழுந்து நின்றார்.

"இந்த அம்மையாரின் சொற்கள் என்னை நெகிழவைக்கின்றன. பதினோரு ஆண்டுகள்! ஒரு சீல்கூடப் பிரிக்கப்படவில்லை! இதைவிட ஒரு நிறுவனத்துக்கு வேறென்ன நற்சான்று வேண்டும்?"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மனைவிக்குப் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். மெக்கானிக் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று உள்ளே அசைந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக அவர் அந்த வெள்ளிச் சீலுக்கு மரியாதை கொடுத்துவந்தார். ஒட்டியவன் உள்ளே பார்த்துவிட்டுத்தான் ஒட்டியிருப்பான் என்று நம்பினார். ஒட்டியவனுக்கே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது என்றால் அது சீலே இல்லை, வெறும் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்தார்.

மனைவி டார்ச் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் நாலு வருஷத்துத் தூசி மெத்தை மெத்தையாக இருந்தது. பிரஷ்ஷால் கூட்டி எடுத்தார். நீளமாக, பச்சையாக, மெல்லிய ஒரு பலகை ஒரு முனையில் மட்டும் எழும்பி நின்றது. லிஃப்டின் ரிலே முனைகளைத் துடைக்கிற மாதிரியே அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஊதி, இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி உட்காரவைத்தார். பின்பக்க வயர்களையெல்லாம் செருகினார். கடவுளே என்று பொத்தானை அழுத்தினார். ஒரே ஒரு கத்தல். திரையில் வெளிச்சம் வந்தது. மனைவி டார்ச்சை அணைக்க மறந்து அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. பேணகத்தின் களப் பொறியாளர் வந்திருந்தார். ஓய்வுபெற நாலு வருஷம் இருக்கிற, வழுக்கை விழுந்த, மூச்சிரைக்கிற மனிதர். கையில் தடித்த ஒரு கோப்பு. ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஓடுதே சார்!"

"ஆமா சார். சரி பண்ணிட்டேன்."

"ஐயோ, 'கோளாறைக் கண்ணால் கண்டேன்'னு நான் கையெழுத்துப் போடணும் சார். காணலைன்னா வந்ததாவே கணக்கில்லை. கொஞ்சம் கெடுத்துக் காட்ட முடியுமா? அஞ்சு நிமிஷத்துக்கு?"

"நாலு மணிக்குப் பொண்ணு வருவா சார். அப்புறம் வேணும்னா கெடுத்துக்கலாம்."

பொறியாளர் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். அப்போதுதான் மூடி திறந்தே கிடப்பதைப் பார்த்தார். கோப்பைக் கீழே வைத்துவிட்டு, மண்டிபோட்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுதானா சார் உள்ளே?" என்றார் மெதுவாக. "முப்பது வருஷம் ஆச்சு. நான் இன்னும் பெருசா ஏதோ இருக்கும்னு நெனச்சேன்."

சரியாக நாலு மணிக்குத் திரையில் மகள் வந்தாள். காற்றில் கலைந்த தலை, தடித்த சட்டை, சிரிப்பு. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் பேச ஆரம்பித்தாள். ஆனால் சத்தம் வரவில்லை. அவசரத்தில் மெக்கானிக் ஒலிபெருக்கி வயரை வேறு ஓட்டையில் செருகியிருந்தார். உடனே பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில்.

ஒருவர் பொறியாளர். "சார், கோளாறு! என் கண் முன்னாடியே! தயவுசெஞ்சு அப்படியே விடுங்க, பதினாலு கட்டம் நிரப்பணும்!" என்று கோப்பைத் தேடினார்.

இன்னொருவர் மனைவி. "எதையும் தொடாதீங்க. மறுபடி கறுப்பாயிடுச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார். மகளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மனைவி சிரித்தார். "அப்படியா!" என்றார். கையைத் தட்டினார். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன சொல்றா? ஒடம்பு சரியில்லையா?" மெக்கானிக் அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"இருங்க, அவ முடிக்கட்டும்" என்று மனைவி திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக்குக் காத்திருக்க முடியவில்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டுக்குக் காதாக இருந்தவர் அவர்தான். இப்போது மகள் பேசுகிறாள், அவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவர் மனைவிக்கும் திரைக்கும் நடுவில் தலையை நுழைத்தார். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். "பாப்பா, அப்பாவுக்குக் கேக்கல. மெதுவா, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அங்கே அவருடைய குரல் கேட்டிருக்க வேண்டும். மகள் சிரித்தாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதலில் உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தன. அப்பா. அது அவருக்குத் தெரிந்தது. பிறகு மேல் பல் கீழ் உதட்டில் பட்டது. நாக்கு மடிந்தது. அவள் தன்னைத் தொட்டுக்காட்டி, விரலை நேரே இவரை நோக்கி நீட்டினாள். மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவையில் அவருக்குப் பிடிபட்டது.

வர்றேன்.

"வர்றாளாம்!" என்று கத்தினார் மெக்கானிக். பக்கத்து வீட்டு ஜன்னல் இப்போது அவருக்காகத் திறந்தது.

"ஆமாங்க, இந்த ஊருக்கே மாத்தல் கெடச்சிருச்சாம். அடுத்த மாசமே" என்றார் மனைவி.

பொறியாளர் பேனாவைப் பிடித்தபடி, "சார், ஒண்ணாம் கட்டம். இப்ப உங்களுக்கு என்ன கேக்கல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தத் தேதி, எந்தக் கப்பல், எத்தனை பெட்டி, எல்லாவற்றையும் அந்த உதட்டிலிருந்தே எடுத்துவிடுகிறவர்போல அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் மனைவி. "நீங்க மறைச்சா அவ பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்?"